ஆண்டாள் சொன்ன பதில்

12 பிப்ரவரி 2025, புதன்

அடையாள அட்டை வந்துவிட்டது. போட்டோவில் அழுதுவிட்டு வந்தவள் மாதிரி இருக்கிறேன். பரவாயில்லை. கீழே பெயர் தெளிவாக இருக்கிறது: பி. ஜெயசுதா, த/பெ பிச்சைமுத்து, மூங்கில்துறைப்பட்டு. அதற்கும் கீழே ‘பாரா லீகல் வாலண்டியர்’. நானே நாலு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

வக்கீல் வெங்கடேசன் சார் ஆபீசில் மூன்று வருஷமாக டைப் அடிக்கிறேன், கேஸ் கட்டு கட்டுகிறேன், வாய்தா தேதி குறிக்கிறேன். இனிமேல் மாதத்தில் இரண்டு நாள் கல்வராயன் மலையில் இலவச சட்ட உதவி முகாமுக்கும் போக வேண்டும். சட்டப்பணிகள் குழுவில் பயிற்சி எடுத்த முப்பது பேரில் பரீட்சையில் நான் இரண்டாவது. முதலில் வந்தவர் ரிட்டயர்டு வாத்தியார், அவரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பெரிய குமாஸ்தா தமிழழகன் அண்ணன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லாத்தான் கீது. மாட்டிக்கினு போய் மூணு டீ சொல்லிட்டு வா” என்றார். போனேன். மாட்டிக்கொண்டேதான் போனேன். கோர்ட்டு வாசலில் இருந்தவர்கள் எல்லாம் பார்க்கட்டும்.

15 பிப்ரவரி, சனி

அப்பாவோடு சண்டை. அட்டையைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போய், கரும்பு வெட்டப் போன இடத்தில் எல்லோரிடமும் “எம் பொண்ணு வக்கீலாயிட்டா” என்று காட்டியிருக்கிறார். சாயங்காலம் டிராக்டர்காரர் ஒருவர் ஜாமீன் கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

“நான் வக்கீல் இல்லப்பா. வக்கீலுக்கு எழுதித் தர்ற ஆளு” என்றேன்.

“எழுதறது நீ. அதப் பாத்து பேசறது அவரு. அப்ப யாரு வக்கீலு?”

அம்மா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பி.ஏ. முடித்து சட்டக் கல்லூரிக்கு இரண்டு தடவை எழுதிப் போட்டு, இரண்டு தடவையும் கிடைக்கவில்லை. அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படிச் சொல்கிறாரோ?

19 பிப்ரவரி, புதன்

முதல் முகாம், வெள்ளிமலையில். பஸ் கச்சிராயபாளையம் தாண்டி மேலே ஏற ஏறக் காது அடைத்துக்கொண்டது. சட்டத்தில் மலைக்கு ஒரு தனிப் புத்தகம் இருக்கும் என்பது மாதிரி எல்லாப் புத்தகங்களையும் தூக்கிக்கொண்டு போயிருந்தேன், தோள் விட்டுப்போயிற்று.

பதினோரு பேர் வந்தார்கள். கடைசியாக வந்தவர் ஆண்டாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மேல்நெல்லிக்காட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். வீட்டுக்காரர் இறந்து ஒன்பது வருஷம். காட்டு ஓரம் ஒன்றரை ஏக்கர், அதிலேயே வீடு. மரவள்ளியும் சாமையும் போடுகிறார். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். அந்த நிலத்துக்கு வன உரிமைச் சட்டத்தில் பட்டா கேட்டு எழுதிப் போட்டிருந்தார். தள்ளுபடி ஆகிவிட்டது. தள்ளுபடிக் காகிதத்தை யூரியா சாக்கில் வெட்டிய ஒரு துண்டுக்குள் மடித்து வைத்திருந்தார்.

காரணம் ஒரே வரி: ‘நிலம் அரசுக்குச் சொந்தமானது என மனுதாரரே ஒப்புக்கொண்டுள்ளார்.’

படித்துக் காட்டினேன். ஆண்டாள் தலையாட்டினார்.

“ஆமா, நாந்தான் சொன்னேன். ஆபீசருங்க வந்தாங்க. நிலம் யாருதும்மான்னாங்க. சர்க்காருதுங்கன்னேன். சரியாத்தான சொன்னேன்?”

தலையில் கை வைத்துக்கொண்டேன். அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்களாம். அதிகாரி எதிரில் நின்றுகொண்டு இது என்னுது என்று சொல்லும் பழக்கமே கிடையாதாம், அது மரியாதை இல்லையாம். மரியாதை பார்த்து நிலத்தை விட்டுவிட்டு நிற்கிறார்!

காகிதம் கைக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. மேல்முறையீட்டுக்கு அறுபது நாள்தான். அதிலும் தோற்றால் அவரை அந்த நிலத்திலிருந்து வெளியேற்றுவதற்கு ஒரு நோட்டீசு போதும். நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சாரைக் கேட்காமலே சொல்லிவிட்டேன்.

27 பிப்ரவரி, வியாழன்

மேல்முறையீடு போட்டாயிற்று. நான் எழுதினேன், சார் திருத்தினார். எத்தனை திருத்தம்? இரண்டு! அதில் ஒன்று தேதி. முத்திரை குத்திய நகலை ஆண்டாளுக்கு அனுப்பும் முன்னால் ஒரு தடவை முகர்ந்து பார்த்தேன். மை வாசனை. பைத்தியம் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

மார்ச் இருபதாம் தேதி அதிகாரிகள் மறுபடியும் நிலத்தைப் பார்க்க வருகிறார்கள். வாக்குமூலம் எடுப்பார்கள். எல்லாம் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

6 மார்ச், வியாழன்

சாட்சிக்குச் சொல்லிக்கொடுப்பதில் தமிழழகன் அண்ணன் கெட்டிக்காரர். “உக்கார வெச்சு சொல்லிக் குடுத்தா நிக்காது. வேல செஞ்சிக்கினு இருக்கும்போது சடார்னு கேக்கணும். பத்து தபா கேளு. பதினோராவது தபா தூக்கத்துல கேட்டாலும் சொல்லும்” என்றார்.

மேல்நெல்லிக்காட்டுக்குப் போனேன். ஆண்டாள் வாசலில் உட்கார்ந்து மரவள்ளி சீவிக்கொண்டிருந்தார். நானும் ஒரு கத்தியை வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தேன்.

“நிலம் யாருதும்மா?”

“என் நிலங்க. மூணு தலமொறையா என் நிலங்க.”

ஒன்பது தடவை சரியாகச் சொன்னார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. பத்தாவது தடவை கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏம் பாப்பா, இந்தக் காடு நான் போட்டதா? அந்த மரமெல்லாம் நானா நட்டேன்? சர்க்காருதுதான? இருக்கறதுதான் நானு. எதுக்குப் பொய்யி?”

“பொய் இல்லம்மா. இது கோர்ட்டுப் பேச்சு” என்றேன்.

சரி சரி என்று தலையாட்டினார். போகும்போது ஒரு பை நிறைய மரவள்ளிக் கிழங்கு கொடுத்தார். கெட்டிக்காரி ஜெயசுதா, ஒரு சாட்சியைத் தயார் செய்துவிட்டாள்!

12 மார்ச், புதன்

சார் யாரிடமோ போனில், “அந்த மலைக் கேஸை எங்க ஜெயசுதா பாத்துக்கிறாங்க” என்றார். பாத்துக்கிறா இல்லை. பாத்துக்கிறாங்க.

20 மார்ச், வியாழன்

எல்லாம் போச்சு.

அதிகாரிகள் நாலு பேர் வந்தார்கள். வெயிலில் நிலத்தைச் சுற்றினார்கள். ஆண்டாள் சுத்தமான புடவை கட்டிக்கொண்டு நின்றார். நான் பின்னால் நின்று கண்ணைக் காட்டினேன். வயதான அதிகாரி ஒருவர், நல்ல மனுஷன், மெதுவாகத்தான் கேட்டார்.

“நிலம் யாருதும்மா?”

ஆண்டாள் என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார்.

“சர்க்காருதுங்க” என்றார்.

எழுதிக்கொண்டார்கள். விரல் ரேகை வாங்கினார்கள். ஜீப்பு போய்விட்டது.

நான் கத்தினேன். இன்னாம்மா செஞ்சிட்டீங்க, எத்தினி தபா சொல்லிக் குடுத்தேன், உங்க தலையில நீங்களே மண்ண அள்ளிப் போட்டுக்கினீங்களே என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். என் அம்மாவைவிட வயதில் பெரியவரை. அவர் “தண்ணி குடிக்கிறியா பாப்பா?” என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

21 மார்ச், வெள்ளி

அந்தம்மாவுக்கு வூடு போகப் போவுது. எனக்கு இன்னா போவுது? ஒண்ணும் இல்ல. திங்கக்கிழம வேற கட்டு கட்டப் போறேன். அதான் தாங்கல.

தமிழழகன் அண்ணன் சிரித்தார். “மலைக்காரங்களுக்குச் சொல்லிக் குடுத்தா ஏறாதும்மா” என்றார். முந்தாநாள் வரை நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்திருக்கிறேன் போல. அவர் வாயிலிருந்து வந்தபோது அசிங்கமாக இருந்தது.

28-ஆம் தேதிக்குள் எழுத்து மூலம் வாதம் கொடுக்கலாமாம். சார் சொன்னார், “ரெண்டு பக்கம் ஏதாவது எழுதிக் குடு. அதோட விட்ரு.”

24 மார்ச், திங்கள்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலை பஸ் சர்க்கரை ஆலைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. கரும்பு டிராக்டர் ஒன்றின் டிரைலர் சாய்ந்து ரோட்டில் பாதி கரும்பு. முக்கால் மணி நேரம். எல்லோரும் இறங்கி ஆளுக்கு ஒரு துண்டு கடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பையிலிருந்து வன உரிமைச் சட்டத்தின் தமிழ்ப் புத்தகத்தை எடுத்தேன். பயிற்சியில் கொடுத்தது. பரீட்சைக்கு என்று முக்கியமான பிரிவுகளை மட்டும் கோடு போட்டு உருப்போட்டிருந்தேன். முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காகப் படித்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்து படித்தேன்.

இந்தச் சட்டம் எந்த நிலத்துக்கு? வன நிலத்துக்கு. வன நிலம் யாருடையது? அரசாங்கத்துடையது. காட்டில் காலங்காலமாக இருந்தும் காகிதம் இல்லாதவர்களுக்காக வந்த சட்டம் இது. சொந்தப் பட்டா உள்ளவர் இதற்குள் வரவே தேவையில்லை.

அப்படியென்றால் நிலம் சர்க்காருது என்று சொன்னது எப்படி அவருக்கு எதிராக ஆகும்? சர்க்கார் நிலமாக இருந்தால்தானே இந்தச் சட்டமே வரும்? கேட்க வேண்டிய கேள்வி நிலம் யாருது என்பது இல்லை. யார் இருக்கிறார்கள், எத்தனை காலமாக இருக்கிறார்கள் என்பதுதான்.

‘சர்க்காருதுதான? இருக்கறதுதான் நானு.’

மரவள்ளி சீவிக்கொண்டே அந்தம்மா முழுச் சட்டத்தையும் சொல்லிவிட்டார். பொய் சொல்லிக்கொடுத்தது நான். தோற்கிற பொய். அவர் நான் சொன்னபடி சொல்லியிருந்தால், உங்கள் சொந்த நிலம் என்றால் இங்கே எதற்கு வந்தீர்கள் என்று கேட்டிருப்பார்கள்.

பஸ்ஸில் நானே சத்தமாக “அடக் கடவுளே” என்றேன். பக்கத்தில் இருந்த அம்மா, “இன்னாம்மா, பரிச்சையா?” என்று கேட்டது. ஆமாம் என்றேன். சங்கராபுரத்தில் பஸ் மாற வேண்டும், அதையும் விட்டுவிட்டேன்.

25 மார்ச், செவ்வாய்

சாரிடம் சொன்னேன். வாயால் சொன்னால் குறுக்கே பேசுவார் என்று ஒரு பக்கம் எழுதி நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். தள்ளுபடிக் காகிதத்தை எடுத்து அந்த ஒரு வரியைத் திரும்பப் படித்தார்.

“இதை நான் பாத்திருக்கணும்” என்றார். அவ்வளவுதான். கொஞ்சம் கழித்து, “அவங்க இருந்ததுக்கு ஆதாரம் வேணுமே? ஒண்ணு போதாது” என்றார்.

அதுவும் எனக்குத் தெரியும். காகிதம்தான் வேண்டும் என்று விதி சொல்லவில்லை. வீடு, கல் கட்டு, புதைத்த இடம், ஊர்ப் பெரியவர் வாக்குமூலம் எல்லாமே ஆதாரம். ஆண்டாள் மாதிரிப் பழங்குடியினர் 2005 டிசம்பருக்கு முன்னாலிருந்தே அங்கே இருக்கிறார்கள் என்று காட்டினால் போதும். விதி எண்ணோடு சொன்னேன். தமிழழகன் அண்ணன் கட்டு கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

26 மார்ச், புதன்

வழி முழுக்க மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும் ஆண்டாள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

“அன்னிக்கு குடிக்காம போயிட்ட” என்றார்.

குடித்தேன். ஒத்திகை எல்லாம் மறந்துபோயிற்று. “நீங்க சொன்னதுதாம்மா சரி. நான்தான் தப்பா சொல்லிக் குடுத்தேன்” என்றேன்.

“அதான் எனக்குத் தெரியுமே” என்றார்!

பிறகு இந்த முறை நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. காட்டுங்கம்மா என்றேன். அவர் முன்னால் நடந்தார். மேட்டில் அவர் மாமனாரைப் புதைத்த இடம், தலைமாட்டில் நட்ட கல். பக்கத்தில் வீட்டுக்காரர். நிலத்தைச் சுற்றி இடுப்பளவு கல் கட்டு. உழும்போது கிளம்பிய கல்லை எல்லாம் வருஷா வருஷம் ஓரத்தில் அடுக்கி அடுக்கி வந்தது. அடியில் இருக்கும் கல்லில் பாசி கறுத்துக் கிடக்கிறது. இதையெல்லாம் அதிகாரிகளிடம் ஏன் காட்டவில்லை என்று கேட்டேன்.

“அவங்க கேக்கலியே” என்றார்.

நானும் கேட்கவில்லை.

கீழ்ச் சேரிப் பக்கத்திலிருந்து பூமாலை என்ற பெரியவர் வந்து வாக்குமூலம் கொடுத்தார். வயது எண்பதுக்கு மேல். ஆண்டாளைக் கல்யாணம் செய்து அந்த வீட்டுக்கு அழைத்து வந்தபோது மேளம் அடித்தது அவர்தானாம். அவர் சொல்லச் சொல்ல அப்படியே எழுதினேன். ஒரு வார்த்தை மாற்றவில்லை. ஆறு பக்கம்.

28 மார்ச், வெள்ளி

வாதம் தாக்கல். ஒன்பது பக்கம், இணைப்பு பதினேழு, போட்டோ பன்னிரண்டு. சார் திருத்தம்: ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை.

9 ஏப்ரல், புதன்

இன்று மேல்முறையீட்டுக் குழுவின் விசாரணை. காலையில் சார் போன். வேறு கோர்ட்டில் சாட்சி விசாரணை இழுத்துவிட்டது, வர முடியாது. “நீயே படிச்சிடு” என்றார். கழிப்பறைக்கு இரண்டு தடவை போனேன். இதை எழுதுவதற்கு என்ன வெட்கம்.

நீளமான மேசை. அந்தப் பக்கம் குழுவினர் ஆறு பேர், இந்தப் பக்கம் நானும் ஆண்டாளும். நடுவில் இருந்த அம்மையார் கேட்டார், “நீங்க வக்கீலா?”

“இல்லைங்க மேடம். பாரா லீகல் வாலண்டியர்.”

முதல் தடவையாக, அந்த ‘இல்லைங்க’வில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. அட்டையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். முதல் பக்கத்தில் குரல் தந்தியடித்தது. கல் கட்டு வந்ததும் சரியாகிவிட்டது, அதைத்தான் கண்ணால் பார்த்திருக்கிறேனே.

முடித்ததும் அம்மையார் ஆண்டாளைப் பார்த்துக் கேட்டார். “ரெண்டு தடவையும் நிலம் சர்க்காருதுன்னு சொல்லியிருக்கீங்க. இப்ப என்ன சொல்றீங்க?”

நான் மேசையைப் பார்த்துக்கொண்டேன். கண்ணைக்கூடக் காட்டவில்லை.

“இப்பவும் சர்க்காருதுதாங்க” என்றார் ஆண்டாள். “இருக்கறது நாங்க. எம் மாமனாரு இருந்தாரு, எங்கூட்டுக்காரரு இருந்தாரு, ரெண்டு பேரும் அங்கதான் கெடக்கறாங்க. நானும் அங்கதான் கெடப்பேன்.”

அம்மையார் என் ஒன்பது பக்கத்தைத் திருப்பி, முதல் பக்கத்தில் எதையோ அடிக்கோடு போட்டார்.

10 ஏப்ரல், வியாழன்

தொண்டை கட்டிக்கொண்டது. அம்மா மிளகுப் பால் கொடுத்தாள். லீவு.

7 மே, புதன்

உத்தரவு வரவில்லை. ஆண்டாள் ஒவ்வொரு முகாமுக்கும் வருகிறார். எதுவும் கேட்பதில்லை. கிழங்கைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் கேட்டுவிட்டால்கூடத் தேவலை.

18 ஜூன், புதன்

வந்தது.

‘நிலம் அரசுக்குச் சொந்தமானது என்று மனுதாரர் கூறியது அவருடைய கோரிக்கைக்கு எதிரானது அல்ல.’ என் வாக்கியம். நான் எழுதிய வாக்கியம், மூன்றாம் பக்கம் இரண்டாம் பத்தி. ‘அல்ல’கூட மாறவில்லை. தள்ளுபடி ரத்து. உரிமை ஏற்கப்பட்டது.

கோர்ட்டு வராந்தாவிலேயே அழுதேன். தமிழழகன் அண்ணன் கைக்குட்டையை நீட்டிவிட்டு, “சரி சரி, கட்சிக்காரங்க பாக்கறாங்க” என்றார். அவர் முகமும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

அப்பாவுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். “திரும்பப் படி” என்றார். படித்தேன். “எழுதனது நீதான?” என்றார். “நான்தான்பா” என்றேன்.

22 ஆகஸ்ட், வெள்ளி

ஆண்டாள் கையில் பட்டா. வாங்கியதும் என்னிடம் நீட்டினார், படி என்று. படித்தேன். வாரிசுக்குப் போகும், ஆனால் விற்கவோ மாற்றவோ கூடாது என்ற இடம் வந்ததும் கொஞ்சம் தயங்கினேன்.

“விக்கவா கேட்டேன்?” என்றார்.

அந்த யூரியா சாக்குத் துண்டை எடுத்தார். பழைய தள்ளுபடிக் காகிதம் இன்னும் அதற்குள்தான் இருந்தது. அதற்கு மேலேயே புதியதையும் வைத்து மடித்துக்கொண்டார்.

25 ஆகஸ்ட், திங்கள்

தமிழழகன் அண்ணன் இன்று தன்னுடைய கேஸ் சாட்சி ஒருவரை என் மேசைக்கு அழைத்து வந்தார். வேலித் தகராறு, வியாழக்கிழமை விசாரணை. “இவருக்கு நீயே சொல்லிக் குடும்மா” என்றார்.

வந்தவர் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்தார். “இன்னா சொல்லணுங்க?” என்று கேட்டார்.

பேனாவை மூடி வைத்தேன். “நடந்தத நீங்க சொல்லுங்க. நான் கேக்கறேன்.”

முதலில் நம்பவில்லை. பிறகு ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் பேசினார். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த தமிழழகன் அண்ணன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மேசைமேல் டீ ஆறிப்போயிருந்தது. கடைசியில் அண்ணனே எழுந்து, “வேற மூணு டீ சொல்லிட்டு வரேன்” என்று வெளியே போனார்.